மருமகளைக் கேட்காதீர்கள், குரோமோசோமைக் கேளுங்கள்

வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் குறை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டால், நம் வீடுகளில் நடக்கும் விசாரணைக்குப் போலீஸ் ஸ்டேஷன் தோற்றுப்போகும். கிரகணத்தன்று வெளியே போனாளா? பப்பாளி சாப்பிட்டாளா? ஸ்கூட்டரில் போனாளா? விசாரிப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் உறவில் ஒரு பெண். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் முதுகெலும்பு மூடவில்லை என்று வந்தது. இதயத்திலும் கோளாறு. பனிக்குட நீரை எடுத்து குரோமோசோம் பார்க்கலாம் என்றார் டாக்டர். "கலைப்பது என்று முடிவான பிறகு அந்தச் செலவு எதற்கு?" என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். ஏன் வந்தது, மறுபடியும் வருமா என்று இன்று அவளுக்குப் பதில் சொல்ல யாருமில்லை. அடுத்த குழந்தை என்றாலே நடுங்குகிறாள்.

பள்ளியில் உயிரியல் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் விளக்குகிறேன். கரு உருவான நான்கு வாரத்துக்குள் தட்டையான ஒரு தகடு சுருண்டு குழாயாகிறது. அதுதான் பிறகு மூளையும் தண்டுவடமும். மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் சரியாக உருவாகாது. கீழே மூடாவிட்டால் ஸ்பைனா பைஃபிடா. நாள் தள்ளிப்போய், பெண் டாக்டரிடம் போவதற்குள் பெரும்பாலும் இந்த வேலை முடிந்துவிடும்.

இந்தக் குறை உள்ள கருக்களில் பெரும்பாலானவற்றுக்கு 46 குரோமோசோம்களும் சரியாகவே இருக்கும். சிறு பகுதிக்கு 18ஆவது அல்லது 13ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். சிலவற்றில் முழுத் தொகுதியே ஒன்று கூடி 69 ஆகிவிடும். இதயம், சிறுநீரகம் என்று வேறு குறையும் சேர்ந்திருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அடுத்த குழந்தையின் கதையே அதில்தான் இருக்கிறது. குரோமோசோம் சரியாக இருந்தால், ஃபோலிக் அமிலம் கைகொடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைச் சுமந்த பெண்களை வைத்து ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு 1991இல் வெளியானது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

குரோமோசோம் கூடியிருந்தால், அது பெரும்பாலும் கரு உருவாகும்போதே நேர்ந்த விபத்து. மாத்திரையை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. அது மறுபடி வரும் வாய்ப்பு பொதுவாகக் குறைவுதான். ஆனால் சில வீடுகளில் பெற்றோரில் ஒருவரின் குரோமோசோமில் துண்டுகள் இடம் மாறியிருக்கும். அவர்களுக்குத் திரும்ப வரலாம். அதைத் தெரிந்துகொள்ள இருவர் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். ஆம், நம் பிள்ளையின் ரத்தத்தையும்தான்!

கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அந்தத் தம்பதியின் முடிவு. 2021இல் திருத்திய சட்டப்படி, கருவில் கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு உறுதி செய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் கலைக்க வழி உண்டு. எந்த முடிவானாலும் பரிசோதனை வீணில்லை. கலைத்த பிறகு திசுவிலிருந்தும் குரோமோசோம் பார்க்கலாம். வெட்டிச்செலவு என்று பெரியவர்கள் குறுக்கே நிற்கக் கூடாது.

ஃபோலிக் அமிலத்தின் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1930 வாக்கில் பம்பாயில், ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்தது இதே சத்துதான் என்பது பின்னால் தெரிந்தது. இன்று அது எந்த மருந்துக்கடையிலும் குறைந்த விலையில் கிடைக்கிறது.

கல்யாணம் ஆன மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கிறோம். அதற்குப் பதிலாக, "டாக்டரைப் பார்த்து ஃபோலிக் மாத்திரை ஆரம்பித்தாயாம்மா?" என்று கேட்டுப் பழகுவோம். முன்பு குறையுள்ள குழந்தையைச் சுமந்தவளுக்கு அளவு அதிகம் தேவை, அதையும் டாக்டரே சொல்லட்டும். அப்படியும் குறை வந்துவிட்டால், காரணத்தைப் பரிசோதனைக்கூடம் தேடட்டும். அந்தப் பெண்ணுக்கு நாம் பக்கத்தில் இருந்தால் போதும்.