ஓரிரவில் வீழும் கோட்டை

செஞ்சிக் கோட்டையை 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றபோது நாம் பெருமிதம் கொண்டோம். அது தகும். ஆயினும் இக்கோட்டையின் வரலாற்றில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. 1690 முதல் 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மொகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்றது இக்கோட்டை. 1750இல் புசியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடம் ஒரே இரவில் வீழ்ந்ததும் இதே கோட்டைதான். இடைப்பட்ட ஆண்டுகளில் இராசகிரி தேய்ந்துவிடவில்லை, மதில்கள் குட்டையாகிவிடவில்லை. உள்ளே நின்றவர்களின் உறுதியே மாறியிருந்தது.

நம் வாக்குரிமையும் இத்தகைய கோட்டையே. அரசியல் சட்டம் அதற்கு மதில் எழுப்பியுள்ளது. தேர்தல் ஆணையம் வாயிலில் நிற்கிறது. ஆனால் வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் ஒரு காகித உறை வீட்டுக் கதவைத் தட்டும்போது, உள்ளிருந்து தாழ்ப்பாளைத் திறந்துவிடுகிறவர்கள் யார்? பகைவர் அல்லர், நாமே.

இதைச் சொன்னவுடன் நம்முள் பலர் தரும் மறுமொழியை அறிவோம். "யார் வந்தாலும் ஒன்றுதான். நமக்கு எதுவும் செய்யப் போவதில்லை. கொடுப்பதையாவது வாங்கிக்கொள்வோமே!" இக்கசப்பைப் பொய்யென்று ஒதுக்கிவிட நம்மால் இயலாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை என்னும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அத்திட்டம் அறிவிக்கப்பட்டபின் 2009, 2014, 2019, 2024 என நான்கு மக்களவைத் தேர்தல்கள் வந்து போயின. வேட்பாளர்கள் வந்தார்கள், ரயில் வரவில்லை.

மதுவிலக்கின் கதை இதனினும் கொடிது. 2003இல் மதுக்கடைகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. 2016 தேர்தலில் இரு பெரும் கழகங்களும் மதுவிலக்கை வாக்களித்தன. அதன்பின் 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. விற்பனை மட்டும் குறையவில்லை. 2023-24ஆம் ஆண்டில் மதுவினால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. அரசுக் கடையின் விலைக்கு எட்டாத ஏழையோ கள்ளச்சாராயத்தை நாடினான். 2023 மே மாதத்தில் நம் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் அருகே, எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த சாராயம் பல குடும்பங்களைத் தலைவனற்றவை ஆக்கியது. அந்த அழுகை ஓய்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே நஞ்சுக்கு இரையாயினர். இரண்டு முறையும் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருக்கையில் சில நூறு ரூபாயாக இருந்த குடிமகனின் மதிப்பு, செத்தபின் பத்து லட்சமாயிற்று!

ஆகவே கசப்பு நியாயமானது. அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவுதான் நியாயமற்றது. வீடு ஒழுகுகிறதென்பதற்காக வீட்டுக்காரனே கூரையைப் பிரித்து விற்பானா?

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு வாக்குக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்கு அதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து காசு. ஒரு குவளைத் தேநீருக்கும் ஆகாத இக்காசுக்கு நாம் கொடுப்பது, பள்ளிக்கு ஆசிரியர் வரவில்லை என்றும் மருத்துவமனையில் மருந்து இல்லை என்றும் தலைநிமிர்ந்து கேட்கும் உரிமையை. மறுபுறக் கணக்கையும் பார்ப்போம். சட்டமன்றத் தொகுதியில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம் என்பது 2022இல் வகுக்கப்பட்ட வரம்பு. ஒன்றரை லட்சம் பேருக்கு ஆளுக்கு ஆயிரம் கொடுத்தாலே 15 கோடி ஆகிறது. அப்பணத்தைப் போட்டவர் அதை எங்கிருந்து எடுப்பார்? ஏரி மண்ணிலிருந்தும், சாலைத் தாரிலிருந்தும், வேலைக்கான பரிந்துரையிலிருந்தும்தானே? நம் கையில் வைத்த ஆயிரம், நம் பையிலிருந்தே பின்னர் பன்மடங்காகத் திரும்பப் பெறப்படுகிறது.

இந்நோய் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 2009இல் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல் இவ்வழக்கத்துக்கே பெயராகிவிட்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017இல் இராதாகிருஷ்ணன் நகர். 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி எனப் பணப் பட்டுவாடாவினால் தேர்தலே நிறுத்தப்பட்ட ஊர்களின் பட்டியல் நம் மாநிலத்துக்கு வாய்த்தது. காமராசரும் கக்கனும் பொதுவாழ்வு நடத்திய மண்ணுக்கு இது பெருமையா?

இங்கே ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். ஏழைகளுக்கு அரசு வழங்கும் நலத்திட்டங்களை எல்லாம் 'இலவசம்' என்று இகழ்வோருடன் நாம் சேர மாட்டோம். மதிய உணவு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. நியாயவிலைக் கடையின் அரிசி வறுமையில் வீழ்ந்த வீடுகளில் உலையேற்றியது. அவை பொதுப்பணத்திலிருந்து, வெளிப்படையாக, வாக்களித்தவர் வாக்களிக்காதவர் என்ற வேறுபாடின்றி வருபவை, எனவே உரிமை. இருளில் வரும் உறையோ விலை. உரிமை பெறுகிறவன் நிமிர்ந்து நிற்கிறான். விலை பெறுகிறவன் விற்ற பொருளைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறான்.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இத்தகுதி எத்துணை இன்றியமையாதது! 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மதம் ஒன்றையே காரணமாக்கித் தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் இனத்தாருக்குரிய உரிமைகளினின்று விலக்கி வைத்தது. அவ்வநீதிக்கு எதிராகத் தலைமுறை தலைமுறையாகக் குரல் எழுப்பி வருகிறோம். காசு வாங்கிய வாயிலிருந்து எழும் குரலை எந்த அரசு மதிக்கும்?

லஞ்சம் கொடுப்பதைப் போலவே, வாக்குக்காக அதை வாங்குவதும் சட்டப்படி குற்றம். நம் மனச்சான்றுக்கு அதைவிடப் பெரிய கடமை உண்டு. வாக்களித்தல் அறநெறிக் கடமை என்று திருச்சபையின் மறைக்கல்வி போதிக்கிறது. பொது நன்மைக்காகத் தன்னுரிமையுடன் வாக்களிக்கும் பொறுப்பை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நினைவூட்டியது. ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தில் வாக்கை விற்றதை ஒரு பாவமாக அறிக்கையிட்டவர் நம்முள் எத்தனை பேர்? ஞாயிறு பூசையைத் தவறவிட்டதற்கு வருந்துகிறோம். ஐந்தாண்டுக்கால நீதியைத் தவறவிட்டதற்கு வருந்துவதில்லை.

பங்குகளும் தம்மைச் சோதித்துக்கொள்ளட்டும். கோவில் சுற்றுச்சுவருக்கும் திருவிழாப் பந்தலுக்கும் வேட்பாளரிடம் நன்கொடை கேட்டு நிற்கும் நிலை நமக்கு வேண்டாம். அதுவும் உறைதான், சற்றே பெரிய உறை. அன்பியக் கூட்டங்களில் தேர்தலுக்கு முன்னரே இதைப் பேசுவோம். "இந்த வீட்டில் வாக்கு விற்பனைக்கு இல்லை" என்று குடும்பத் தலைவர்கள் பிள்ளைகள் முன்னிலையில் சொல்லட்டும். வேட்பாளர் வரும்போது, மருத்துவமனை, மதுக்கடை, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் பற்றி எழுத்தில் உறுதி கேட்போம். ஒருவரையும் ஏற்க மனம் இடம் தராவிடில், 2013 முதல் வாக்குப்பொறியில் இருக்கும் 'நோட்டா' பொத்தானையேனும் அழுத்துவோம். அதனால் தேர்தல் செல்லாததாகிவிடாது. ஆயினும் விலைபோகாதவர் இத்தனை பேர் என்னும் எண்ணிக்கையை எவரும் மறைக்க இயலாது.

களைத்து வந்த ஏசா, ஒரு கிண்ணம் கூழுக்காகத் தன் தலைமகன் உரிமையை விற்றான். அவன் பசி மெய்யானது, விற்பனையும் மெய்யானது. பின்னர் அவன் கதறி அழுதும் ஆசி திரும்பவில்லை. நம் பசியும் மெய்யே, நம் சினமும் மெய்யே. ஆனால் எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய மலையின் அடியில் வாழ்கிற நமக்கு, ஓர் இரவு மட்டும் தாழ்ப்பாளைத் திறவாதிருக்க இயலாதா?