இராத்திரி நேரத்து போன்



விடியற்காலைப் பிரட்டுக்கு எழ வேண்டுமே என்று ஒன்பது மணிக்கே படுத்துவிடும் வீடு நம் வீடு. அங்கே இராத்திரி பதினொன்றரைக்குப் போன் அடித்தால் அடிவயிறு கலங்காத தாய் உண்டா? "புள்ளைக்கு என்ன ஆச்சோ" என்று நடுங்கிக்கொண்டுதான் எடுக்கிறாள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், "சும்மாதாம்மா கூப்பிட்டேன்" என்கிறான். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்காருகிறது. "இந்நேரத்துக்கா கூப்பிடுவாங்க?" என்று அப்பா அதட்டுகிறார்.

அவனுக்கு வேறு நேரம் ஏது? ஜொகூர் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்களில் பலர் இருட்டோடு கிளம்பி இருட்டோடுதான் திரும்புகிறார்கள். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும் ஷிப்டு, ஓவர்டைம் முடித்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது ஊர் அடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் கூடும் தமிழகத் தொழிலாளர்களுக்காவது ஒரு வசதி உண்டு. சிங்கப்பூரில் இரவு பத்து என்றால் அவர்கள் ஊரில் ஏழரைதான். நமக்கோ இரு கரையிலும் ஒரே மணி!

2020 மார்ச் 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும், பாலத்தில் தினசரிப் போக்குவரத்து நின்றது. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அது பழையபடி திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. இடையில் எத்தனையோ பெற்றோர் பிள்ளை முகத்தைப் போனில்தான் பார்த்தார்கள். அப்போது யாரும் மணி பார்க்கவில்லையே!

2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவையும் மறக்க முடியாது. லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் சாலையில், ஒரு தமிழகத் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்தார், கலவரம் மூண்டது. அப்படிப்பட்ட இரவில் போன் அடிப்பதல்ல, அடிக்காமல் இருப்பதே பயம்.

ஆகவே பெற்றோரே, அதட்டாதீர்கள். சும்மா கூப்பிட்டதற்கே திட்டு வாங்கிய பிள்ளை, கஷ்டம் வரும்போது கூப்பிடத் தயங்குவான். சம்பளம் பாக்கி என்று சொல்ல வெட்கப்பட்டு நாளைக் கடத்துவான். சிங்கப்பூரில் வேலையை விட்டவர்கள் 6 மாதத்துக்குள் சம்பளப் புகார் கொடுக்க வேண்டும். வாய் மூடியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

முன்பின் தெரியாத குரல், "உங்க மகன் போலீஸ்ல மாட்டிக்கிட்டான், உடனே பணம் அனுப்புங்க" என்றால் பதறாதீர்கள். போனை வைத்துவிட்டு, மகனின் சொந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அவன் எடுக்காவிட்டால் கூட வேலை செய்யும் நண்பனைக் கேளுங்கள். அதற்காகவே ஒரு நண்பனின் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். விசாரிக்காமல் ஒரு காசும் அனுப்ப வேண்டாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். வாரத்தில் ஒரு நாளாவது அம்மா தூங்கும் முன் கூப்பிடுங்கள். நேரமாகிவிட்டதா? எடுத்ததும் முதல் வார்த்தையாக, "நான் நல்லாருக்கேம்மா" என்று சொல்லிவிடுங்கள். மற்ற கதையெல்லாம் அப்புறம் பேசலாம். அந்த ஒரு வார்த்தைக்குக் காசும் இல்லை, நேரமும் ஆகாது. கேட்ட தாய் நிம்மதியாகத் தூங்கி, காலையில் பிரட்டுக்குப் போவாள்.