கடைசி விளக்குக்கும் கரண்டு

சென்ற ஆண்டு டிசம்பரில் அப்பாவின் கையிலிருந்து ஏணியைப் பிடுங்கி வைத்தவன் நான்தான். "எழுபத்து நாலு வயசாச்சு. கை வேற நடுங்குது. நீங்க சும்மா உட்காருங்கப்பா" என்றேன். அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. போய் உட்கார்ந்துவிட்டார். கடையில் வாங்கிய நட்சத்திரம் ஒன்றைக் கார் போர்ச்சில் தொங்கவிட்டேன். அதை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பா வயர்மேன். கிள்ளான் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீடுகளுக்கு வயரிங் செய்தவர். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது டிசம்பர் பிறந்ததும் மூங்கிலைப் பிளந்து, நட்சத்திரம் கட்டி, வண்ணத்தாள் ஒட்டிவிடுவார். உள்ளே இருக்கும் பல்பு விட்டு விட்டு எரியும். டியூப் லைட்டின் ஸ்டார்ட்டரைப் பல்போடு சேர்த்துச் செய்த வித்தை அது. (இப்போது யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்!) தாமான் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்த ஆண்டு மகள் ஆரம்பித்தாள். "அப்பா, நம்ம வீட்டு விளக்கு ஓடணும். பாட்டுக்கு ஏத்த மாதிரி ஆடணும்."

இந்த ஆசை புதிதல்ல. 1882இல் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன், தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்விளக்குகளைக் கட்டினார். அந்த மரமும் மின்சாரத்தால் சுழன்றது. ஆக, மின்விளக்குக் கிறிஸ்துமஸ் மரம் ஆடிக்கொண்டேதான் பிறந்திருக்கிறது.

இன்று மரத்தைச் சுழற்ற வேண்டியதில்லை. 'பிக்சல்' விளக்குகள் வந்துவிட்டன. ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களும் ஒரு சிறு சில்லும் இருக்கும். உள்ளங்கை அளவு கண்ட்ரோலர் அனுப்பும் கட்டளையில் முதல் விளக்கு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். அடுத்தது அதற்கடுத்ததற்கு. பந்தியில் வாழையிலையைக் கைமாற்றுவது போலத்தான். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிவதால், வெளிச்சம் ஓடுவதுபோல் நமக்குத் தெரிகிறது.

ஐம்பது ஐம்பதாக நான்கு சரம், மொத்தம் 200 விளக்குகள் வாங்கினோம். கூரை விளிம்பில் மூன்று சரம். பி.வி.சி. குழாயில் செய்த நட்சத்திரத்தில் ஒன்று. 'எக்ஸ்லைட்ஸ்' என்ற இலவச மென்பொருளில் வீட்டின் படத்தைப் போட்டு, எந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று மகள் குறித்தாள். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு அசைவு அமைக்க அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

முதல் சோதனை. எல்லா விளக்கையும் வெள்ளையில் எரியவிட்டோம். முதல் சரம் பளிச்சென்று வெள்ளை. மூன்றாவது மஞ்சள். கடைசியில் இருந்த நட்சத்திரமோ மங்கிய சிவப்பு. "மட்டமான சரக்கை அனுப்பிட்டான்" என்று விற்றவருக்குக் காரசாரமாக எழுதத் தொடங்கினேன்.

வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "விளக்கு கெட்டா அங்கொண்ணு இங்கொண்ணு கெடும். இப்படி வரிசையா மங்காது. முனையில எத்தனை வோல்ட் வருதுன்னு பார்த்தியா?"

அப்பா தம் பழைய மல்ட்டிமீட்டரோடு நின்றார். அளந்தோம். தொடக்கத்தில் 5 வோல்ட். முனையில் 3.4. வெள்ளையில் முழுதாக எரியும் ஒரு விளக்கு ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 200 விளக்குக்கு 12 ஆம்பியர். அத்தனையும் மெல்லிய வயரில் போனால் வழியிலேயே வோல்ட் இறங்கிவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் சிவப்பைவிடக் கூடுதல் வோல்ட் தேவை. அதனால் அவை முதலில் மங்க, சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது.

"கடைசி விளக்குல குத்தமில்ல தம்பி. அதுக்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான்" என்றார். மருந்து எளிதுதான். அதே பவர் சப்ளையிலிருந்து தடித்த வயர் இழுத்து, ஒவ்வொரு சரத்தின் தொடக்கத்திலும், நட்சத்திரத்தின் முனையிலும் மின்சாரம் கொடுத்தோம். அப்பா சொல்லச் சொல்ல பேத்தி இணைத்தாள். நட்சத்திரம் வெள்ளையாக எரிந்தது.

இரண்டு நாள் கழித்து மாலையில் பெருமழை. வீடே இருண்டது. மெயின் பெட்டியில் இ.எல்.சி.பி. விழுந்திருந்தது. பவர் சப்ளையைப் பூந்தொட்டிக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருந்தேன், தண்ணீர் இறங்கிவிட்டது. அப்பாவுக்கு அன்று வந்த கோபத்தை நான் பல ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. "அது விழுந்ததாலதான்டா நீ நிக்கிற!"

அவர் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். பவர் சப்ளை கூரைக்கு அடியில், நீர்புகாப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். வயர் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையுமுன் சற்றுத் தாழ்ந்து தொங்கினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இணைப்பு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. 230 வோல்ட் பக்கத்து வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். இ.எல்.சி.பி. விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள்.

இப்போது இரவு ஏழரைக்கு விளக்கு எரிகிறது. வெளிச்சத்தை முப்பது விழுக்காட்டுக்குக் குறைத்திருக்கிறோம். இருட்டில் அதுவே தாராளம். பக்கத்து வீட்டு மக்சிக் மருத்துவமனையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர். அவரிடம் முன்கூட்டியே கேட்டோம். பத்து மணிக்கு அணைத்துவிடுகிறோம். அவருடைய பேரப்பிள்ளைகள்தான் இப்போது வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்பா தினமும் ஏழு மணிக்கே நாற்காலியைப் போர்ச்சுக்கு இழுத்து வந்துவிடுகிறார். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். அடுத்த ஆண்டுக்கு எத்தனை மீட்டர் வயர் வேண்டும் என்று பேத்தியோடு கணக்குப் போடுகிறார். ஏணியில் நான்தான் ஏறுகிறேன். ஆனால், "சும்மா உட்காருங்க" என்று நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை.