வண்டியைத் தூக்கியாச்சு, அப்சோர்பர் நீளம் சரியா? தோட்டச் சாலையில் பிக்கப் ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெகிரி செம்பிலானில் பகாவ், கோலப்பிலா, ரந்தாவ், லாபு என்று எந்தப் பக்கம் போனாலும், பெரிய சாலையை விட்டு இறங்கினால் செம்பனைத் தோட்டம் வந்துவிடும். உள்ளே செம்மண் சாலை. வெயிலில் புழுதி, மழையில் சேறு. வெட்டிய குலைகள் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். அதனால் மழை பெய்தாலும் லோரியும் டிராக்டரும் ஓடத்தான் செய்கின்றன. சக்கரம் பதிந்த தடம் பள்ளமாகி, நடுவில் மேடு நிற்கிறது.

அந்த மேட்டில் வண்டியின் அடிப்பாகம் இடிக்கக்கூடாது என்றுதான் பலர் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்களைத் தூக்குகிறார்கள். வழக்கமான கணக்கு 2 இன்ச், அதாவது சுமார் 50 மில்லிமீட்டர். ஸ்பிரிங்கை மாற்றியதும் அடுத்த கேள்வி வரும்: அப்சோர்பர் எவ்வளவு நீளம்?

"ரெண்டு இன்ச் தூக்கினா ரெண்டு இன்ச் நீளமானதைப் போடு தம்பி, அவ்வளவுதான்" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதி உங்கள் பணத்தையும், சில வேளைகளில் பிரேக்கையும் பாதிக்கும்.

அப்சோர்பர் உண்மையில் என்ன செய்கிறது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் அமுங்கி எழும்பும்போது அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது அப்சோர்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகத் தள்ளப்படுகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறுகிறது. வரிவரியாக மேடு விழுந்த செம்மண் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அப்சோர்பரைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

ஆக, அப்சோர்பர் வண்டியைத் தூக்குவதில்லை. தூக்கிய வண்டியின் சக்கரம் தரையை விடாமல் இருக்க உதவுகிறது. சக்கரம் தரையில் இருந்தால்தான் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யும்.

நீளம் என்பது ஒரு எண் இல்லை

எந்த அப்சோர்பருக்கும் இரண்டு நீளம் உண்டு. முழுதாக இழுத்தால் வருவது விரிந்த நீளம். முழுதாக அமுக்கினால் வருவது சுருங்கிய நீளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது ஓடக்கூடிய தூரம்.

கடையில் பெரும்பாலும் பேசப்படுவது விரிந்த நீளம் மட்டுமே. ஆனால் வண்டியைக் காப்பாற்றுவது சுருங்கிய நீளம்.

காரணம் இதுதான். சேசிஸுக்கும் எக்ஸலுக்கும் நடுவில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை இருக்கும். பெரிய பள்ளத்தில் விழும்போது எக்ஸல் மேலே வந்து இதில் மோதி நிற்கும். நீங்கள் உயரமான ஸ்பிரிங் போட்டதால் வண்டி நிற்கும் உயரம் கூடியது. ஆனால் பம்ப் ஸ்டாப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எக்ஸல் மேலே வந்து நிற்கும் கடைசி இடமும் மாறவில்லை. அந்த நிலையில் அப்சோர்பருக்குக் கிடைக்கும் இடம், தூக்குவதற்கு முன் எவ்வளவோ அவ்வளவேதான்.

ரப்பர் தாங்குவதற்கு முன்பே அப்சோர்பர் முழுதாக அமுங்கிவிட்டால், வண்டியின் மொத்த அடியும் அதன் தலையில் இறங்கும். தண்டு வளையும், சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும், சேசிஸில் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட் பிய்ந்து வரலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் உள்ள ஒரு பிக்கப் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் வண்டியை நீங்கள்தான் அளக்கணும்.

தூக்குவதற்கு முன் வண்டி சும்மா நிற்கும்போது அப்சோர்பரின் மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை 430 மி.மீ. பழைய அப்சோர்பரின் விரிந்த நீளம் 510. ஆக, சக்கரம் கீழே இறங்க 80 மி.மீ. இடம் இருந்தது.

50 மி.மீ. தூக்கியதும் நிற்கும் அளவு 480 ஆகிறது. அதே பழைய அப்சோர்பர் இருந்தால் கீழே இறங்க 30 மி.மீ. மட்டுமே மிச்சம். வேகத்தடையைத் தாண்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறதா? அப்சோர்பர் முழுதாக இழுபட்டு நிற்கும் சத்தமாக அது இருக்கலாம். கோலப்பிலா போகும் பழைய புக்கிட் புத்துஸ் சாலை மாதிரி வளைவு நிறைந்த இடத்தில், வளைவின் நடுவே ஒரு குழி வந்தால், சக்கரம் குழிக்குள் இறங்க முடியாமல் தரையை விட்டுவிடும்.

இப்போது மேல்பக்கக் கணக்கு. பம்ப் ஸ்டாப்புக்கும் எக்ஸலுக்கும் இடைவெளி 90 மி.மீ. ரப்பரின் உயரம் 60. பலமாக மோதும்போது அது ஏறத்தாழ பாதியாக அமுங்கும் என்று வைத்தால் இன்னொரு 30. மொத்தம் 120. நிற்கும் அளவான 480இல் 120 கழித்தால் 360. உங்கள் வண்டி அனுமதிக்கும் மிகக் குறைந்த நீளம் இது.

கடையில் இரண்டு அப்சோர்பர் காட்டுகிறார்கள்:

• முதலாவது: சுருங்கிய நீளம் 350, விரிந்த நீளம் 560
• இரண்டாவது: சுருங்கிய நீளம் 375, விரிந்த நீளம் 620

இரண்டாவதுதான் பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால் அது ரப்பர் முழுதாகத் தாங்குவதற்கு 15 மி.மீ. முன்பே முட்டிவிடும். முதலாவதில் 10 மி.மீ. மிச்சம் இருக்கிறது. கீழே இறங்கவும் பழையபடி 80 மி.மீ. கிடைக்கிறது. இந்த வண்டிக்கு முதலாவதுதான் சரி. இரண்டாவதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பம்ப் ஸ்டாப்பைக் குறைந்தது 25 மி.மீ. கீழே இறக்கணும். அப்போது மேல்பக்க ஓட்டம் அந்த அளவு குறையும்.

அப்சோர்பர் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தால் எக்ஸல் 100 மி.மீ. நகரும்போது அது அதைவிடக் குறைவாகவே நகரும். 30 பாகை சாய்வுக்கு ஏறத்தாழ 87 மி.மீ. அதனால் மேலே சொன்ன கழித்தல் கணக்கு கொஞ்சம் பாதுகாப்பான பக்கமே நிற்கும்.

கீழ்பக்கம் வேறென்ன இழுபடும்?

நீளமான அப்சோர்பர் போட்டால் எக்ஸல் இன்னும் கீழே தொங்கும். அதோடு பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் சேர்ந்து இறங்கும். அவற்றின் நீளம் கம்பெனி வைத்ததுதான். அப்சோர்பர் முழுதாக விரியும் முன்பே பிரேக் ஹோஸ் இறுக்கமாகிவிட்டால், ஏதாவது ஒரு வடிகாலைக் கடக்கும்போது அது கிழியலாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும் வண்டிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

முன்பக்கம் தனிக் கதை

ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக இயங்கும். சுருள் ஸ்பிரிங்குக்குள்ளேயே அப்சோர்பர் இருக்கும். இங்கே அப்சோர்பர் நகர்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்கரம் நகரும். அதனால்தான் மேலே 25 மி.மீ. தடிமனில் ஒரு வளையம் வைத்தாலே வண்டி சுமார் 50 மி.மீ. எழும்புகிறது.

இது மலிவான வழி. ஆனால் வளையம் வைத்தால் விரிந்த நீளமும் சுருங்கிய நீளமும் சேர்ந்தே கூடுகின்றன. கீழே இறங்கும்போது சிவி ஜாயின்ட் அதிகக் கோணத்தில் வளைகிறது. மேலே வரும்போது அப்சோர்பர் சீக்கிரம் முட்டுகிறது. முன்பக்கத்தில் 50 மி.மீ.க்கு மேல் போக ஆசைப்படுவோர் இதைத்தான் முதலில் யோசிக்கணும்.

சுசுகி ஜிம்னி வேறு ரகம். முன்னும் பின்னும் முழு எக்ஸல் இருப்பதால் மேலே சொன்ன கணக்கு இரு பக்கமும் பொருந்தும். பாடி லிஃப்ட் செய்தவர்களுக்கோ கவலையே இல்லை. அதில் உடல்தான் சேசிஸிலிருந்து உயர்கிறது. சேசிஸுக்கும் எக்ஸலுக்கும் உள்ள தூரம் மாறாததால் பழைய நீளமே போதும்.

சட்டம், காப்புறுதி, டீசல்

வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஜேபிஜேயின் பார்வைக்கு வரும் விஷயம். பொருளை வாங்கிய பிறகு இல்லை, வாங்கும் முன்பே அங்கே கேட்டுவிடுவது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகலாம்.

தோட்டச் சாலைகள் தனியார் நிலம் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே வேலை இல்லாமல் சேற்றில் ஓட்டிப் பழகப் போவதாக இருந்தால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

தூக்கிப் பெரிய டயர் போட்ட வண்டி எண்ணெயும் அதிகம் குடிக்கும். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது நினைவிருக்கும். எவ்வளவு உயரம் உண்மையிலேயே தேவை என்பதை அந்தக் கணக்கோடும் சேர்த்துப் பாருங்கள்.

கடைக்குப் போகும் முன்

• வழக்கமாக ஏற்றும் சுமையோடு, சமதரையில் வண்டியை நிறுத்தி, போல்ட்டுக்குப் போல்ட் அளங்கள்.
• பம்ப் ஸ்டாப் இடைவெளியையும் ரப்பரின் உயரத்தையும் அளங்கள்.
• சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். இதற்குச் சேசிஸின் கீழ் ஸ்டாண்ட் வைக்கணும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.
• மேலும் கீழும் எந்த வகைப் பிடி, வளையமா தண்டா என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் என்றால் நடுவிலிருந்து நடுவுக்கு அளப்பார்கள். தண்டு வகையில் அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள்.

இந்த எண்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இதோட சுருங்கிய நீளம் எவ்வளவு?" பதில் தெரிந்தவர் தாளை எடுத்துக் காட்டுவார், அல்லது அமுக்கி அளந்து காட்டுவார். "அதெல்லாம் சரியா இருக்கும், போடலாம்" என்று மட்டும் சொன்னால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.