பீரோவில் ஒரு துப்பாக்கி

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துத் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். ஆறு மாதம் முடிவதற்குள் சிவகிரியில் தனியாக இருந்த வயதான தம்பதி. தோட்டத்து வீடுகளுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்று அப்போது கொங்கு நாட்டில் எழுந்த குரல், தொப்பூர் கணவாயைத் தாண்டி ஓசூருக்கும் வந்துவிட்டது. பாகலூர் சாலை மனைப்பிரிவுகளில் காலை நடைக்கு வரும் பெரியவர்கள் வாயில் இப்போது இதுதான்: “அமெரிக்காவைப் பாருங்க சார். வீட்டுக்கு வீடு துப்பாக்கி. ஒருத்தன் காம்பவுண்டு ஏறுவானா?”

கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். பாதிப் பேருக்கு மகனோ மகளோ டெக்சாஸில் இருக்கிறார்கள். ஆறு மாதம் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவர் அந்த நாட்டுக்கே நிபுணர். காம்பவுண்டு இல்லாத வீடு, வாசலில் கேட்பாரற்றுக் கிடக்கும் பார்சல் இரண்டையும் பார்த்ததும் எல்லாம் துப்பாக்கி செய்த மாயம் என்று முடிவுகட்டிவிடுகிறார். பார்சல் திருடர்களுக்குப் பயந்து அங்கே வாசல்தோறும் கேமரா மாட்டுகிற கதையை மகன் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தப் பெரியவர்களின் பயம் பொய்யில்லை. பயத்துக்கு அவர்கள் தேடும் மருந்துதான் கோளாறு. அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பையே முக்கியக் காரணமாகச் சொல்வதாக 2023இல் பியூ ஆய்வு மையம் கண்டது. அந்தத் துப்பாக்கிகள் யாரைச் சுட்டன? 2021இல் அங்கே துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,328 பேர், தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022இல் ஒன்று சொன்னார்கள்: கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர் கொலையாவதற்கான வாய்ப்பு, துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவரைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கணவனோ துணையோ சுட்டுச் சாகும் வாய்ப்பு ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திருடனுக்கென்று வாங்கிய குண்டு வீட்டுக்குள்ளேயே ஆள் தேடுகிறது.

தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு வைத்திருக்கிறது. கடன் தொல்லை, குடும்பத் தகராறு, தேர்வுத் தோல்வி என்று வெறுப்பில் பூச்சிமருந்தைக் குடித்தவரை 108இல் ஏற்றி கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக முடிகிறது. பிழைத்து வீடு திரும்புகிறவர்களும் உண்டு. துப்பாக்கி அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்காது.

வாசலில் வந்து நிற்பவரையும் அந்தக் குண்டு விடாது. 1992 அக்டோபரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகரில், யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறி அழைப்பு மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து நிற்கச் சொல்லிக் கத்தினார். பையன் நிற்கவில்லை. சுட்டுவிட்டார். அடுத்த ஆண்டு ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். ஜப்பானில் 17 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டு அமெரிக்க அதிபருக்கு அனுப்பினார்கள். வேறென்ன செய்ய முடியும்?

இப்போது ஓசூரை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் ஷிப்ட் விட்டு நள்ளிரவில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரே அச்சில் வார்த்த சந்துகளில் தன் அறையைத் தேடும் ஒடிசாப் பையன். அத்திப்பள்ளியிலிருந்து வந்து கன்னடத்தில் முகவரி கேட்கும் டெலிவரிக்காரர். தெலுங்கில் புலம்பியபடி யார் வீட்டு கேட்டிலோ சாய்ந்து நிற்கும் குடிகாரர். நாலைந்து மொழி புழங்கும் ஊரில் ராத்திரி கதவு தட்டுகிறவர் எல்லாம் திருடனில்லை. ஆனால் ‘வடக்கத்தி ஆளுங்க’ என்ற சந்தேகம் ஏற்கெனவே ஊறிக்கிடக்கிறது. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியில், போளூர் அருகே கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டியைக் கூட்டம் சேர்ந்து அடித்தே கொன்றது. கையில் துப்பாக்கி இல்லாதபோதே இந்த லட்சணம்.

“அப்போ கொள்ளைக்காரன் துப்பாக்கியோட வந்தா?” என்பார்கள். வந்தானே. 2021 ஜனவரி 22 காலை, இதே பாகலூர் சாலையில் முத்தூட் ஃபைனான்ஸ் கிளைக்குள் முகமூடிக் கும்பல் துப்பாக்கியோடு புகுந்து சுமார் 25 கிலோ நகையை அள்ளிக்கொண்டு போனது. மறுநாளே ஹைதராபாத் அருகே பிடிபட்டது. காட்டிக்கொடுத்தது நகையோடு போன ஜி.பி.எஸ். கருவி, மடக்கியது மாநிலம் தாண்டிப் பேசிக்கொண்ட போலீஸ். அன்றைக்கு மேலாளர் மேஜையிலும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால், நகைக்குப் பதில் பிணங்களை எண்ணியிருப்போம்.

சாதாரணத் திருடனோ ஆள் இருக்கும் வீட்டைத் தேடி வருவதில்லை. கணவனும் மனைவியும் ஷிப்டுக்குப் போன வீடு, திருவிழாவுக்கு ஊருக்குப் போன வீடு, இவைதான் அவன் குறி. பீரோவில் துப்பாக்கி இருந்தால் சங்கிலியோடு அதையும் எடுத்துப்போவான். 2017 முதல் 2021 வரை அமெரிக்கத் தனியாரிடமிருந்து களவுபோனதாகப் புகாரான துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கு மேல்.

நம் மாவட்டத்துக்குத் துப்பாக்கி புதிதும் அல்ல. தளி, அஞ்செட்டி, உரிகம் காட்டோரங்களில் நாட்டுத் துப்பாக்கி தலைமுறைகளாக இருக்கிறது. குழலில் கரிமருந்தைக் கொட்டி, நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, பால்ரஸ் குண்டு போட்டு, மறுபடி இடித்து, கேப் வைத்துக் குறிபார்ப்பதற்குள் திருடன் அடுத்த ஊருக்குப் போயிருப்பான். பயிர்க் காவலுக்கு இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு உரிமம் தர 1959ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனாலும் ராகி முற்றும் காலத்தில் ஜவளகிரி வழியாக இறங்கும் ஆனைக் கூட்டத்தை அந்தத் துப்பாக்கி நிறுத்தியதில்லை. பரணில் விழித்திருக்கும் ஆட்களும் பட்டாசுமே ஓரளவு நிறுத்தியிருக்கின்றன. பன்றி என்று நினைத்துக் கூட வந்தவனையே சுட்ட கதைகள்தான் காட்டோர ஊர்களில் மிச்சம். உரிமமில்லாதவற்றை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் கெடு வைத்தபோதெல்லாம், ஊர்ப் பொது இடத்தில் யாருக்கும் தெரியாமல் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. வைத்திருந்தவனுக்கே அது பாரம். பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு சிறை.

உரிமம் வாங்கியவர் நிலையும் அப்படியொன்றும் சொகுசில்லை. தேர்தல் தேதி அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாக்கு எண்ணி முடியும்வரை வீட்டுக்கு யார் காவல்?

ரோந்துக்கு ஆள் போதவில்லை என்று கேளுங்கள். இருட்டான சந்துகளுக்கு விளக்கு கேளுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போலீஸ்காரர் எட்டிப்பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்க நானும் வருகிறேன். இல்லை, துப்பாக்கி உரிமம்தான் வேண்டும் என்றால், அந்த மனுவில் முதலில் வீட்டுக்காரம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.