பத்து ரூபாய் யூனிட் மலிவா?

மாசம் ஐநூறு ரூபாய்தான் மிச்சம், எந்த மியூச்சுவல் ஃபண்டுல போடலாம்னு கேக்கறவங்க காதுல முதல்ல விழுற அட்வைஸ்: "புது ஃபண்டு வருது, யூனிட் பத்தே ரூபாய்!" சுத்தப் பேத்தல். 500 ரூபாய்க்கு, பத்து ரூபாய் யூனிட்னா 50 கிடைக்கும்; ஐநூறு ரூபாய் யூனிட்னா ஒண்ணு. ரெண்டும் 10 சதவீதம் ஏறினா ரெண்டுலயும் 550 தான். விலை கம்மின்னு அள்ளிப் போட இதென்ன கத்திரிக்காயா? போதாக்குறைக்கு, புதுசுக்குப் பழைய கணக்கே கிடையாது. எதை வச்சு எடை போடறது?

என்னைக் கேட்டா, கொஞ்சமா போடறவங்க பார்க்க வேண்டியது வருஷா வருஷம் ஃபண்டு பிடிக்கிற செலவைத்தான். செபி உத்தரவால 2013 ஜனவரியிலிருந்து டைரக்ட் பிளான் இருக்கு. ஏஜெண்ட் கமிஷன் கிடையாது. அதிலே நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு ஒண்ணு போதும், ஆரம்பத்துக்கு. அடுத்த வருஷம் ஸ்கூல் ஃபீஸுக்குன்னு சேர்க்கற காசை மட்டும் இதுல போட்டுடாதீங்க மக்களே. அது பேங்க் ஆர்டிக்கு.