சின்னது எது என்று யார் சொல்வது?

பதிவு கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். மருந்துக் கடைக்குப் போய் வந்த பழக்கம் இருந்தால் போதும்.

ஜாவா மொழியில் ட்ரீமேப் என்று ஒன்று உண்டு. ஒரு சாவி, அதற்குரிய விவரம் என்று ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைக்கும். நாம் எப்படிக் கலைத்துப் போட்டாலும் சாவிகளை ஏறுவரிசையில் வைத்துக்கொள்ளும். "இதில் மிகச் சிறிய சாவியை எப்படி எடுப்பது?" என்று இன்டர்வியூவில் கேட்டால், "ஃபர்ஸ்ட்கீ" என்று நம் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். சரிதான். ஆனால் அது அரை விடை என்பது என் கருத்து. மீதி அரை விடையைக் கேட்காமலே நாம் பாஸ் போட்டு அனுப்புகிறோம்.

ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். எந்த மருந்து முதலில் காலாவதியாகிறதோ அதை முதலில் விற்க வேண்டும், அல்லது அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும். காலாவதி மாதத்தைச் சாவியாக வைத்தால் மிகச் சிறிய சாவிதான் அடுத்து கவனிக்க வேண்டிய மருந்து. அட்டையில் அச்சிட்டிருப்பது போலவே "11-2026", "02-2027" என்று எழுத்துச் சரமாகப் பதிந்துவிட்டோம் என்று வையுங்கள். ஃபர்ஸ்ட்கீ எதைத் தரும்? "02-2027". ஏனென்றால் எழுத்தாக ஒப்பிடும்போது 0 முன்னால், 1 பின்னால். 2026 நவம்பரில் காலாவதியாகும் மருந்து அலமாரியிலேயே இருக்கும். புரோகிராம் எந்தப் பிழையும் காட்டாது. அதன் கணக்குப்படி அது சொன்னது சரி. மாத்திரை வாங்கும் பெரியவருக்கு அது சரியா?

ஆக, முதல் கேள்வி: எந்த வரிசைப்படி சின்னது? வருடத்தை முன்னால் போட்டு "2026-11" என்று எழுதினாலே இந்தச் சிக்கல் தீரும். இல்லையென்றால் ஜாவா 8-இல் வந்த இயர்மந்த் வகையைச் சாவியாக வைக்கலாம். நம் தமிழுக்கும் இதே கதைதான். அகராதியில் "அக்கா" முன்னால் வரும், "அகம்" பின்னால் வரும். யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால் "அகம்" முன்னால் வந்து நிற்கும். புள்ளிக்குரிய எண் பெரியது என்பதுதான் காரணம். தமிழ் அகராதி வரிசை வேண்டுமென்றால் ஒப்பிடும் விதியை நாம்தான் கொடுக்க வேண்டும். வரிசை என்பது இயந்திரம் தருவதல்ல, நாம் சொல்லிக் கொடுப்பது.

இரண்டாவது கேள்வி: ஒரே சாவியில் இரண்டு வந்தால்? ஒரே மாதத்தில் காலாவதியாகும் இரண்டு மருந்துகளைப் பதிந்தால், இரண்டாவது வந்து முதலாவதை அழித்துவிடும். அதனால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பட்டியல் வைக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: ஒன்றுமே இல்லையென்றால்? காலி ட்ரீமேப்பில் ஃபர்ஸ்ட்கீ கேட்டால் பிழை எறிந்து நின்றுவிடும். ஃபர்ஸ்ட்என்ட்ரி கேட்டால் நல் என்று வெறுமையைத் தரும். சி பிளஸ் பிளஸில் காலி மேப்பின் பிகின் காட்டும் இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது.

நான்காவது: இதற்கு ட்ரீமேப் தேவைதானா? அது உள்ளே சிவப்பு-கருப்பு மரம். இடது பக்கமாகவே இறங்கிக்கொண்டு போனால் கடைசியில் இருப்பது சின்னது. 10 லட்சம் சாவி இருந்தாலும் சுமார் 40 படிகளுக்கு மேல் போகாது. ஹேஷ்மேப் என்றால் 10 லட்சத்தையும் பார்த்தாக வேண்டும். ஆனால் ஒரே ஒரு தடவைதான் சின்னது வேண்டுமென்றால், அதற்காக எல்லாவற்றையும் அடுக்குவது வீண் வேலை. ஒரு சுற்று பார்த்தால் போதும். பைத்தான் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: டிக்ட் நினைவில் வைப்பது போட்ட வரிசையை. அதில் முதலாவதாக இருப்பது முதலில் வந்தது, சின்னது அல்ல.

"சார், இதையெல்லாம் இப்போது ஏஐ எழுதித் தந்துவிடும்" என்பீர்கள். தரட்டும். ஒரு வரி கோடு எழுதுவது என்றைக்குமே பெரிய வேலையாக இருந்ததில்லை. காலாவதி மாதம் எப்படிப் பதிவாகிறது, ஒரே மாதத்தில் எத்தனை மருந்து வரும், அலமாரி காலியாக இருக்குமா என்பதெல்லாம் கடையைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை, அதற்குத்தான் சம்பளம்.

இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபர்ஸ்ட்கீ என்று சொன்ன பிள்ளையிடம் "எந்த வரிசைப்படி?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. யோசிக்கிற பிள்ளையா என்று தெரிந்துவிடும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.